‘ரோஸ்’ யார்?

வாசகர் கேள்வி:

“தாத்தா வீட்டைக் காலி செய்தபோது, கூடத்தில் மாட்டியிருந்த பழைய குடும்பப் படத்தின் சட்டம் உடைந்துவிட்டது. படத்தை வெளியே எடுத்தால் பின்பக்கம் முழுக்க எழுத்து. மேலே நடுவில் ‘உ’. அதன் கீழே பழுப்பு மையில் ஒரு வரி: ‘பிர’ என்று தொடங்குகிறது, நடுவில் பசைக் கறை, கறை முடியும் இடத்தில் ஒரு கொக்கி, ஏதோ ஒரு குறி, பிறகு ‘ஆவணி மீ உயங’, இன்னொரு குறி, கடைசியில் ‘சுககி’. மிச்சம் கிழிந்திருக்கிறது. அதற்கும் கீழே க, உ, ங, ச, ரு என்று போட்டு ஐந்து வரிகள். முதல் வரியில் ‘ம-ள-ள-ஸ்ரீ’ போட்டுக் கொள்ளுத்தாத்தா பெயர். இரண்டாவதில் ‘சௌ.’ போட்டுக் கொள்ளுப்பாட்டி பெயர். மூன்றாவதில் ‘ஷை தஙகை’ என்று மட்டும். நாலும் ஐந்தும் ‘சி.’ போட்டு என் தாத்தா, அவர் தம்பி பெயர்கள். தாத்தா பெயருக்கு எதிரே × குறி. இது தவிர, பென்சிலில் மூலையில் வட்டத்துக்குள் 2417, பக்கத்தில் ½ – 3. வேறோர் இடத்தில் மங்கலாக ‘ரோஸ்’, ‘அரக்கு’, ‘பச்சை’. ஓரமாக நீலப் பால்பாயிண்ட் பேனாவில் ‘பெரிய அத்தை கல்யாணம் 1936’.

படத்தில் இருப்பது ஆறு பேர். பின்னால் நிற்கும் வாலிபர் யாரென்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. கறுப்பு வெள்ளைப் படம்தான். ஆனால் உட்கார்ந்திருக்கும் பெண்களின் புடவையில் லேசாக நிறம் தெரிகிறது. தம்பி இதை ஏதோ சங்கேதக் கணக்கு என்கிறான். அம்மா ‘ரோஸ் யார், ரோஸ் யார்’ என்று தூங்காமல் இருக்கிறார். ஈரப் பஞ்சால் துடைத்தால் எழுத்து தெளியுமா? லேமினேட் செய்துவிடலாமா? பின்பக்கத்தின் படத்தை இணைத்திருக்கிறேன்.”

பதில்:

முதலில் அம்மாவைத் தூங்கச் சொல்லுங்கள். ரோஸ் என்பது புடவை நிறம். அதற்குப் பிறகு வருகிறேன். அதைவிட அவசரம் அந்த ஈரப் பஞ்சு. இந்தப் பதிலைப் படித்து முடிக்கும்வரை தண்ணீர், டீத்தண்ணீர், எலுமிச்சைச் சாறு, ஸ்பிரிட் எதுவும் அந்தப் படத்தின் கிட்டே வரக் கூடாது. முடித்த பிறகும் வரக் கூடாது.

இந்த வேலைக்கு வந்த புதிதில் அந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். ஒரு படத்தின் பின்னால் சாம்பல் நிறத்தில் பென்சில் எழுத்து போல ஒரு வரி. பென்சிலைத் தண்ணீர் என்ன செய்துவிடும் என்று ஈரப் பஞ்சை ஒரே ஒரு தடவை ஒற்றி எடுத்தேன். கண்ணெதிரே அந்த வரி கத்தரிப்பூ நிறத்தில் ஊறிப் பரவியது. அது சாதாரணப் பென்சில் அல்ல, காப்பியிங் பென்சில். கரியோடு அனிலின் சாயத்தைக் கலந்து செய்வது. காய்ந்திருக்கும்வரை சாம்பல் நிறம், ஈரம் பட்டால் ஊதா. அழிக்க முடியாத எழுத்து வேண்டும் என்பதற்காக அந்தக் காலத்து அலுவலகங்களில் இதை நிறையப் பயன்படுத்தினார்கள். அந்த வரியில் இருந்தது ஒரு பெயர்; முதல் எழுத்து மட்டும் மிஞ்சியது. படத்துக்காரர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

சரி, உங்கள் படத்துக்கு வருவோம். நீங்களும் தம்பியும் அந்தப் பின்பக்கத்தை ஒரே ஆள் ஒரே நாளில் எழுதிய தாளாக நினைத்துப் படிக்கிறீர்கள். அதனால்தான் 2417, உயங, ரோஸ், 1936 எல்லாம் சேர்ந்து மர்மக் கணக்காகத் தெரிகிறது. பழைய படத்தின் பின்பக்கம் திண்ணை மாதிரி. போகிறவர் வருகிறவர் எல்லாம் சற்று உட்கார்ந்து ஆளுக்கு ஒரு சேதி சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். யார், எப்போது வந்து சொன்னது என்று பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. உங்கள் படத்தில் எனக்குத் தெரிந்தவரை நாலு கை: பழுப்பு மை, மூலையில் இருக்கும் பென்சில், நிறப் பெயர் எழுதிய பென்சில், நீலப் பால்பாயிண்ட்.

பால்பாயிண்டை முதலில் பார்த்துவிடலாம், அது சுலபம். பிரோ என்ற ஹங்கேரிக்காரர் பந்துமுனைப் பேனாவுக்குக் காப்புரிமை வாங்கியதே 1938-இல். அது கடைக்கு வந்து பரவியது 1945-க்குப் பிறகு. ஆக, ‘1936’ என்று எழுதிய கை 1936-இல் எழுதவில்லை. குறைந்தது பத்து வருடம் கழித்து, அநேகமாக இன்னும் பல வருடம் கழித்து, நினைவிலிருந்து எழுதியிருக்கிறது. ‘பெரிய அத்தை’ என்று உறவுமுறை சொல்வதைப் பார்த்தால் உங்கள் அப்பா தலைமுறை ஆளாக இருக்கலாம். பொய் சொல்லியிருக்கிறார் என்று நான் சொல்லவில்லை. அத்தை கல்யாணம் 1936-இல் நடந்தே இருக்கலாம். ஆனால் இது அந்தக் கல்யாணத்தில் எடுத்த படமென்றால் அத்தை எங்கே? ஐந்து பெயர்களில் அவர் இல்லை. மாலை, மணக்கோலம் எதுவும் படத்தில் இல்லை என்று உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது. இருந்திருந்தால் அதைத்தானே முதலில் சொல்லியிருப்பீர்கள்.

இப்போது பழுப்பு மை. இன்று பழுப்பாக இருப்பதால் அன்றும் பழுப்பாக இருந்தது என்று நினைக்க வேண்டாம். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சிய மையானாலும் சரி, கடையில் வாங்கிய நீலக்கறுப்பு மையானாலும் சரி, அதில் இரும்புச் சத்து உண்டு. எழுதும்போது கறுப்பாக இருந்து, காலப்போக்கில் துரு நிறத்துக்கு வந்துவிடும். இந்தக் கைதான் உங்கள் படத்தின் முக்கியமான சாட்சி.

மேலே இருக்கும் ‘உ’ பிள்ளையார் சுழி. அதற்குப் பொருள் தேட வேண்டாம். ஆனால் ‘உயங’ என்பதில் வரும் உ சுழியல்ல, இரண்டு. அதே எழுத்துதான், மேலே தனியாக நின்றால் பிள்ளையார், வரிக்குள் வந்தால் எண். தமிழ் எண்களை அச்சில் ௧, ௨, ௩, ௪, ௫ என்று பார்த்தால் எண் போலத் தெரியும். கையால் எழுதும்போது அவை க, உ, ங, ச, ரு என்றே விழும். அப்படியே மேலே போனால் ஆறு சு போல, ஏழு எ, எட்டு அ, ஒன்பது கூ போல. பத்துக்கு ௰, அது ‘ய’. நூறுக்கு ௱, அது பார்க்க ‘ள’. ஆயிரத்துக்கு ௲. பழைய முறையில் பூஜ்யம் கிடையாது. இருபத்து மூன்று என்றால் ‘இரண்டு பத்து மூன்று’ என்று சொல்கிறபடியே எழுதுவார்கள்: ௨௰௩. உங்கள் ‘உயங’ அதுதான், 23. நடுவில் இருக்கும் ய-வைப் பூஜ்யமாக நினைத்து 203 என்று படிப்பவர்கள் உண்டு. பத்திர எண்ணோ ரூபாயோ என்று கிளம்பிவிடுவார்கள். தம்பியின் சங்கேதக் கணக்கும் இப்படித்தான் பிறந்திருக்க வேண்டும். ஐந்து வரிகளுக்கு முன்னால் இருக்கும் க, உ, ங, ச, ரு வெறும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.

ஆவணிக்கு அடுத்து நீங்கள் ‘மீ’ என்று படித்தது மாதக் குறி, ௴. ஆவணிக்கு முன்னால் இருப்பது வருடக் குறி ௵, எண்ணுக்குப் பின்னால் இருப்பது நாள் குறி ௳. ஆக வரி இப்படி ஓடுகிறது: பிர…௵ ஆவணி௴ ௨௰௩௳ சுககி… பழைய கணக்கு, கடிதம், பத்திரம் எல்லாவற்றிலும் இந்த வரிசைதான். வருடம், மாதம், தேதி, கிழமை.

கடைசியில் இருக்கும் ‘சுககி’ உங்கள் தம்பியை ஏமாற்றியிருக்கலாம். இந்தக் கை மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. தங்கையை ‘தஙகை’ என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். ஆகவே இது ‘சுக்கி’. அறுபது வருடப் பெயர்களில் சுக்கில என்று ஒன்று உண்டு, 1929-30. ஆனால் வருடத்துக்கு உரிய இடம் ௵-க்கு முன்னால், வரியின் கடைசியில் அல்ல. சுக்கிலபட்சமாகவும், அதாவது வளர்பிறையாகவும் இருக்கலாமே என்றால், பட்சம் எழுதினால் பின்னாலேயே திதியும் வரும். கிழிந்த ஓரத்தில் அத்தனைக்கு இடம் இருந்ததாகத் தெரியவில்லை. மிச்சம் சுக்கிரவாரம், அதாவது வெள்ளிக்கிழமை. கிழிசலின் விளிம்பில் ஒரு செங்குத்துக் கோடு பாதி தெரிகிறது. ‘ர’ அப்படித்தான் நேராக இறங்கும். ‘ல’ சுழித்துக்கொண்டு தொடங்கும்.

அடுத்து வருடம். ‘பிர’ என்று தொடங்கும் தமிழ் வருடங்கள் பல. பிரபவ 1927-28, பிரமோதூத 1930-31, பிரசோற்பத்தி 1931-32, பிரமாதி 1939-40. பிரமாதீச என்று ஒன்றும் உண்டு, ஆனால் அது 1973-74. உங்கள் தாத்தா சிறுவனாக நிற்கும் படத்துக்கு ஒத்துவராது. 1936-க்கு உரிய வருடம் தாது. பசைக் கறை எத்தனை எழுத்தை விழுங்கியிருந்தாலும் தாது வருடம் ‘பிர’ என்று தொடங்காது. பால்பாயிண்ட்காரரின் 1936 இந்தப் படத்துக்குப் பொருந்தாது என்பதற்கு இது இரண்டாவது சாட்சி.

நாலில் எது? கறை முடியும் இடத்தில் இருக்கும் கொக்கியைப் பாருங்கள். எழுத்தின் தலையிலிருந்து வலப்பக்கம் எழும்பி வளைகிறது. அது இகரக் கொக்கி, ‘தி’யின் கொண்டை. பிரபவ ‘வ’-வில் முடியும், பிரமோதூத ‘த’-வில் முடியும். இரண்டுக்கும் கொண்டை கிடையாது. பிரசோற்பத்திக்கும் பிரமாதிக்கும் உண்டு. இந்த இரண்டில் இடம்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். பிரசோற்பத்தியில் ‘பிர’-வுக்குப் பிறகு கொம்பு, ச, கால், ற, ப, த, தி என்று ஏழு வடிவம். பிரமாதியில் ம, கால், தி என்று மூன்றே. அதே வரியில் ‘ஆவணி’ என்ற மூன்று எழுத்து எவ்வளவு அகலம் எடுத்திருக்கிறதோ, கறையின் அகலமும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஏழு வடிவத்தை அதற்குள் அடைக்க முடியாது.

இதைக் கிழமையோடு ஒத்துப் பார்த்தேன். அந்தக் காலத்தில் ஆவணி முதல் தேதி ஆகஸ்ட் 16 அல்லது 17-இல் விழும். அப்படியானால் ஆவணி 23 என்பது செப்டம்பர் 7 அல்லது 8. செப்டம்பர் 8, 1927-இல் வியாழன், 1930-இல் திங்கள், 1931-இல் செவ்வாய், 1939-இல் வெள்ளி. ஒரு நாள் முன்னால் போனாலும் மற்ற மூன்றிலும் வெள்ளி வராது. செப்டம்பர் 8, 1939 அமாவாசைக்கு முந்தைய வாரமும்கூட, அதாவது தேய்பிறை. சுக்கிலபட்சம் என்ற சந்தேகமும் அதோடு போய்விட்டது. எழுத்தின் கொண்டையும் கறையின் அகலமும் கிழமையும் தனித்தனியாக ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. பிரமாதி ஆவணி 23, வெள்ளிக்கிழமை, 8-9-1939 என்று நான் தைரியமாகச் சொல்வேன். பழைய பஞ்சாங்கம் கையில் கிடைத்தால் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தேதியைப் பார்த்ததும் இரண்டாம் உலகப் போர் தொடங்கி ஒரு வாரம் என்று யாராவது சொல்வார்கள். வாலிபர் பட்டாளத்துக்குப் போகுமுன் எடுத்த படம் என்று கதை வளரும். வளரவிடாதீர்கள். ஆவணி முகூர்த்த மாதம். குடும்பம் ஒன்றுகூடிப் படம் எடுக்க ஆயிரம் காரணம் இருந்திருக்கும். இன்னொன்று, இது எழுதிய நாளா, எடுத்த நாளா என்பதும் அந்த வரியில் இல்லை. ஆனால் வருடம் மாதம் தேதி கிழமை எல்லாம் போட்டுப் பிள்ளையார் சுழியோடு எழுதியவர், படம் கைக்கு வந்த சூட்டிலேயே எழுதியிருப்பார் என்றுதான் தோன்றுகிறது. பல வருடம் கழித்து எழுதுகிறவருக்குக் கிழமை ஞாபகம் இருக்காது. அவர்கள் ‘பெரிய அத்தை கல்யாணம்’ என்றுதான் எழுதுவார்கள்.

ஆட்களுக்கு வருவோம். ம-ள-ள-ஸ்ரீ என்பது மகாராஜராஜஸ்ரீ என்பதன் சுருக்கம், இன்றைய ‘திரு’ மாதிரி. ராஜபட்டம் எதுவும் கிடையாது, ஆசைப்பட வேண்டாம். சி. என்றால் சிரஞ்சீவி, எழுதுகிறவரைவிட இளையவர்களுக்குப் போடுவது. சௌ. என்றால் சௌபாக்கியவதி, கணவர் உயிரோடு இருக்கும் பெண்ணுக்கு மட்டும் போடுவது. கொள்ளுத்தாத்தா எப்போது இறந்தார் என்று உங்கள் வீட்டில் குழப்பம் இருந்தால் இந்த ஒரு எழுத்தை எடுத்துக் காட்டலாம்: 1939 ஆவணியில் அவர் இருந்தார்.

‘ஷை’ ஆள் பெயர் அல்ல. அது ௸, மேற்படி என்பதற்கான குறி. எழுத்து ‘ஷ’ போல இருப்பதால் நம் ஆட்கள் ஷை என்றே வாயால் சொல்லிப் பழகிவிட்டார்கள். ‘௸ தங்கை’ என்றால் மேற்படியாரின் தங்கை. யார் அந்த மேற்படியார்? கணக்கு எழுதும் வழக்கப்படி நேர் மேல் வரியில் இருப்பவர்தான். அப்படியானால் கொள்ளுப்பாட்டியின் தங்கை. ஆனால் தலைப்பு வரியில் இருக்கும் குடும்பத் தலைவரையே எல்லா மேற்படிக்கும் வைத்துக்கொள்பவர்களும் உண்டு. அப்போது கொள்ளுத்தாத்தாவின் தங்கை ஆகிவிடும். ஒரே குறி, இரண்டு வெவ்வேறு வீட்டுப் பெண்கள். இதை எழுத்தை வைத்துத் தீர்க்க முடியாது. முகத்தை வைத்துத் தீர்க்கலாமா என்றால், மூக்கு ஜாடை பார்த்து உறவு சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள், ஆனால் ‘இது பாட்டியோட தங்கச்சிதானே’ என்று கேட்காதீர்கள். ஆமாம் என்றுதான் சொல்வார்கள். படத்தை மட்டும் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருங்கள்.

தாத்தா பெயருக்கு எதிரே இருக்கும் ×, நான் பார்த்தவரை நீல மை. அதாவது பால்பாயிண்ட்காரர் போட்டது. இறந்தவர் என்று குறிக்க × போடுவதும் உண்டு, ‘இவர்தான் எங்கள் அப்பா’ என்று காட்டப் போடுவதும் உண்டு. இரண்டாவதுதான் என் ஊகம்.

இப்போது அந்த வாலிபர். ஆறு பேர், ஐந்து பெயர். விட்டுப்போனவரை மறந்துவிட்டார்கள் என்று நாம் நினைக்கிறோம். இந்த வேலையில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது வேறு: படத்துக்குப் பின்னால் பெயர் எழுதுகிறவர் தன் பெயரை எழுதுவதில்லை. தான் யார் என்று தனக்குத் தெரியுமே! பட்டியலின் மரியாதையைக் கவனியுங்கள். பெரியவருக்கு ம-ள-ள-ஸ்ரீ, அவர் மனைவிக்குச் சௌ., பையன்களுக்குச் சி. பெரியவருக்கு இளையவர், பையன்களுக்கு மூத்தவர் ஒருவர் எழுதியது. படத்தில் அந்த வயதில் நிற்பது ஒரே ஆள். உங்களுக்குப் பெயர் தெரியாத ஒரே ஆளும் அவர்தான்.

இன்னும் ஒரு படி போகலாம், ஆனால் இது கொஞ்சம் வழுக்கும் படி. பெற்ற பிள்ளையாக இருந்தால் ‘தகப்பனார்’, ‘தாயார்’ என்று உறவை எழுதியிருப்பார் என்று தோன்றுகிறது. ம-ள-ள-ஸ்ரீ போட்டுப் பெயர் எழுதுவதில் ஒரு தூரம் இருக்கிறது. ௸, ௳, ௴ எல்லாம் தடுமாற்றமில்லாமல் விழுந்திருப்பதைப் பார்த்தால் கணக்கு எழுதிப் பழகிய கை. அண்ணன் மகனா, வீட்டோடு இருந்து கணக்குப் பார்த்தவரா, பெரிய அத்தையைக் கட்டிய மாப்பிள்ளையா? மாப்பிள்ளை என்றால், பால்பாயிண்ட்காரர் ஏன் இந்தப் படத்தைப் பார்த்ததும் அத்தை கல்யாணத்தை நினைத்தார் என்பதற்கும் ஒரு காரணம் கிடைக்கிறது. ஆகவே 1936 வரியைத் தப்பு என்று தள்ளிவிடாதீர்கள். வருடம் இந்தப் படத்துக்கு உரியதல்ல, அவ்வளவே.

பென்சில் எழுத்துகள் ஸ்டூடியோ வேலை. வட்டத்துக்குள் இருக்கும் 2417 நெகட்டிவ் எண். கண்ணாடி நெகட்டிவை எண் போட்டு அடுக்கி வைத்திருப்பார்கள். பிறகு யாராவது வந்து இன்னொரு பிரதி கேட்டால் எடுப்பதற்கு. ½ என்பது ஆஃப் பிளேட், 4¾-க்கு 6½ அங்குலம். படத்தை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள், ஒத்துவந்தால் என் வாசிப்பு சரி. அடுத்து இருக்கும் 3 என்பது மூன்று பிரதி. உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இந்த 3-தான். உங்களிடம் இருப்பது ஒன்று. மற்ற இரண்டு?

ஸ்டூடியோவின் இரண்டாவது பென்சில்தான் ரோஸ், அரக்கு, பச்சை. கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் சாயம் தீட்டிக் கொடுக்கும் வழக்கம் அன்று பரவலாக இருந்தது. படம் எடுக்கும்போது புடவை என்ன நிறம் என்று கேட்டுப் பின்னால் குறித்துக்கொள்வார்கள். தீட்டுகிறவர் அதைப் பார்த்துத் தீட்டுவார். புடவையில் லேசாக நிறம் தெரிகிறது என்று நீங்கள் எழுதியதால்தான் அவ்வளவு உறுதியாகத் தொடங்கினேன். பகல் வெளிச்சத்தில், நேர் வெயில் படாமல், ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஒரு புடவையில் ரோஸ் மிச்சம் இருக்கும், இன்னொன்றில் அரக்கு. பச்சை கரையாகவோ ரவிக்கையாகவோ இருக்கும். யாருக்கு எந்த நிறம் என்று அம்மா கண்டுபிடித்துவிட்டால் எனக்கும் எழுதச் சொல்லுங்கள்.

மங்கிய எழுத்தைத் தெளிவாக்க ஈரம் வேண்டாம், வெளிச்சம் போதும். அறையை இருட்டாக்கிப் படத்தைக் கவிழ்த்து வையுங்கள். முகம் கீழே இருப்பதால் அடியில் சுத்தமான, வழவழப்பான வெள்ளைத் தாள் ஒன்று. கைபேசி விளக்கைப் படத்தின் விளிம்புக்குப் பக்கத்தில், மேசையோடு மேசையாகத் தாழ்த்திப் பிடியுங்கள். பென்சில் அழுத்திய இடமெல்லாம் பள்ளமாக நிழல் விழும். கரி போய்விட்டிருந்தாலும் பள்ளம் இருக்கும். நாலு பக்கத்திலிருந்தும் விளக்கை வைத்து நாலு படம் எடுங்கள். பழுப்பு மைக்கு வேறு வழி: சாதாரண வெளிச்சத்தில் படம் எடுத்து, படம் திருத்தும் செயலியில் நீல அலைவரிசையை (blue channel) மட்டும் கறுப்பு வெள்ளையாகப் பாருங்கள். பழுப்பும் மஞ்சளும் அதில் கறுத்துத் தெரியும். கறைக்குள் அந்த ‘மா’ இருக்கிறதா என்று அங்கே தேடுங்கள். எழுத்தை வாசித்துச் சொல்லும் செயலிகளிடம் கேட்பதானால், நீங்களாக ஒரு தடவை படித்து எழுதி வைத்த பிறகு கேளுங்கள். இல்லையானால் அது சொன்னதே உங்கள் கண்ணுக்குத் தெரியும்.

லேமினேட் கூடவே கூடாது. சூடும் பசையும் சேர்ந்து படத்தோடு ஒன்றாகிவிடும், பிரிக்க முடியாது. அமிலமில்லாத தாளில் சுற்றி, வளையாத அட்டைப் பெட்டியில் வைத்தால் போதும். புதுச் சட்டம் போடுவதானால் கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவில் அட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள். பின்பக்கத்தில் பசை, டேப், பேனா எதுவும் வேண்டாம். நீங்கள் கண்டுபிடித்ததைத் தனித் தாளில், இன்ன ஆள் இன்ன தேதியில் சொன்னது என்று உங்கள் பெயரோடு எழுதிப் பெட்டியில் போடுங்கள். பழைய சட்டத்துக்குள் அட்டைக்குப் பதிலாகச் செய்தித்தாள் மடித்து வைத்திருந்தால் அதை எறிந்துவிடாதீர்கள். அதில் இருக்கும் தேதி படம் எடுத்த தேதியல்ல, சட்டம் போட்ட காலத்தைச் சொல்லும். அதுவும் ஒரு கைதான்.

அப்புறம், மற்ற இரண்டு பிரதிகள். ஒன்று கொள்ளுப்பாட்டியின் பிறந்த வீட்டுக்கோ ‘௸ தங்கை’ வீட்டுக்கோ போயிருக்கலாம். இன்னொன்று எழுதியவரிடமே இருந்திருக்கும். பெரிய அத்தையின் பேரன் பேத்திகளிடம் முதலில் கேளுங்கள், படத்தின் பின்பக்கத்தையும் சேர்த்துப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அங்கே வேறொரு கை பெயர் எழுதியிருந்தால், இந்த வாலிபர் பெயரும் அதில் இருக்கும். தாத்தா வீட்டுப் பரணில் பழைய கணக்கு நோட்டோ கடிதக் கட்டோ கிடைத்தால், பெயரைத் தேடுவதற்கு முன்னால், அதில் பிள்ளையார் சுழியை எப்படிப் போட்டிருக்கிறது என்று பாருங்கள். உங்கள் படத்தில் இருக்கும் ‘உ’-வின் வால் மேல்நோக்கிச் சற்று மடங்கியிருக்கிறது. எல்லோரும் அப்படிப் போடுவதில்லை.